நாரி நோ முள்ளந்தண்டின் வடிவத்தை மாற்றுமா? நிமிர்ந்திருந்தால் சரிவருமா?

பதில் தேடி இந்தப் பக்கம் வருகிற மற்றவர்களுக்கும் விளங்க வேண்டும் என்பதால் உங்கள் கேள்வியைச் சுருக்கித் திருப்பிச் சொல்கிறேன். உங்களுக்கு வயது 41. யாழ்ப்பாணம் நகரில் வங்கி வேலை, சனி ஞாயிறுகளில் சுன்னாகத்தில் தகப்பனாரின் வெங்காயத் தோட்டம். 2 வருடத்துக்கு மேலாக நாரி நோ, அதாவது கீழ்முதுகு நோ. நாரிப் பகுதியின் இயல்பான வளைவு குறைந்திருக்கிறது என்று எக்ஸ்ரே அறிக்கை சொல்கிறது. நான்காம், ஐந்தாம் நாரி என்புகளுக்கு இடையிலுள்ள வட்டு சற்றுப் பிதுங்கியிருப்பதாக எம்.ஆர்.ஐ. அறிக்கை சொல்கிறது. காலில் விறைப்பு, குத்து ஒன்றும் இல்லை. நீங்கள் ஒரு பக்கம் சரிந்து, உடம்பைப் பிடித்துக்கொண்டு நடப்பதாக மனைவி சொல்கிறா. குனியாதே, நிமிர்ந்திரு என்று எல்லாரும் புத்தி சொல்ல, நீங்களும் பெல்ட் கட்டி அப்படியே இருந்து பார்த்திருக்கிறீர்கள், நோ குறையவில்லை. கேட்டிருப்பது இதுதான்: என் முள்ளந்தண்டின் வடிவம் மாறிவிட்டதா, நிமிர்ந்திருந்து பழகினால் நோ போகுமா?

நீங்கள் கேட்டது வடிவத்தைப் பற்றி. ஆனால் நீங்கள் எழுதியிருக்கிற விவரங்களில் முக்கால்வாசி அசைவைப் பற்றியவை. எப்படி நடக்கிறீர்கள், எப்படிக் குனிகிறீர்கள், கதிரையிலிருந்து எப்படி எழும்புகிறீர்கள் என்பதைத்தான் விவரித்திருக்கிறீர்கள். நான் இயன்மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்). அரச வைத்தியசாலையிலும் பிறகு தனியாகவும் பல வருடங்களாக யாழ்ப்பாணத்தில் இந்த நோவோடு வருகிறவர்களைப் பார்க்கிறேன். படித்ததிலும் பார்த்ததிலும் இருந்து நான் சொல்லக்கூடிய பதில் இது: நாட்பட்ட நாரி நோ பெரும்பாலானவர்களின் முள்ளந்தண்டு வடிவத்தைப் பெரிதாக மாற்றுவதில்லை, அவர்கள் அசைகிற விதத்தை மாற்றுகிறது. அந்த மாற்றம் திரும்பக்கூடியது. விறைத்து நிமிர்ந்திருப்பது அதற்கு வழியல்ல, பலருக்கு அதுவே தடையாக நிற்கிறது. இதில் எது உறுதி, எது இன்னும் சர்ச்சையில் இருக்கிறது என்பதைப் பிரித்து எழுதுகிறேன்.

அதற்கு முன் ஒன்று. நேரில் பார்க்காமல், தொட்டுப் பரிசோதிக்காமல் யாருக்கும் நோய் நிர்ணயம் சொல்ல ஏலாது. நீங்கள் எழுதியதை நம்பி, உங்களுக்கு ஆபத்தான காரணம் எதுவும் இல்லை என்று வைத்துக்கொண்டுதான் மிச்சத்தை எழுதுகிறேன். இதை வாசிக்கிற வேறு யாருக்காவது இரண்டு தொடைகளுக்கும் நடுவில், மலவாசலைச் சுற்றி உணர்ச்சி குறைந்தால், சிறுநீர் போக முடியாமல் அடைத்தால் அல்லது அறியாமல் போனால், கால் பலம் குறைந்துகொண்டு வந்தால் அன்றைக்கே போதனா வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். விடியட்டும் என்று இருக்க வேண்டாம். காய்ச்சலோடு வரும் நோ, காரணமில்லாமல் உடம்பு மெலிதல், முன்பு புற்றுநோய் இருந்தவர், காசநோய் இருந்தவர், விழுந்த பிறகு நோ தொடங்கிய வயதானவர் – இவர்கள் முதலில் வைத்தியரைத்தான் பார்க்க வேண்டும். 40 வயதுக்கு முன் தொடங்கி, விடியற்காலையில் அரை மணித்தியாலத்துக்கு மேல் இறுகிக் கிடந்து, ஓய்வெடுத்தால் கூடி, நடமாடினால் குறைகிற நோவும் வேறு வகை. அது மூட்டு வாதத்தின் தொடக்கமாக இருக்கலாம். அதற்கு இரத்தப் பரிசோதனையும் தனி மருந்தும் தேவை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். 12 கிழமைக்கு மேல் நீடித்தால் நாட்பட்ட நோ என்கிறோம். 2020இல் உலகம் முழுவதும் 61 கோடியே 90 இலட்சம் பேருக்கு நாரி நோ இருந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள். அவர்களில் பத்தில் ஒன்பது பேர் அளவில், இந்த என்பு, இந்த வட்டு என்று ஒரு இடத்தைக் காட்டி இதுதான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. நோ பொய் என்று இதற்கு அர்த்தம் இல்லை. படத்தில் தெரிவதும் உடம்பில் உணர்வதும் ஒன்றுக்கொன்று ஒட்டிப்போவதில்லை என்பதுதான் அர்த்தம். நாரி நோவே இல்லாதவர்களைப் படம் பிடித்த ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2015இல் வெளியிட்டார்கள். நோ இல்லாத 20 வயதுக்காரரில் 30 வீதமானவர்களுக்கும், 80 வயதுக்காரரில் 84 வீதமானவர்களுக்கும் வட்டுப் பிதுக்கம் இருந்தது. உங்கள் வயதில் அந்த வரியை அறிக்கையில் காண்பது பெரிய அதிசயமில்லை. அறிக்கை எழுதியவர் கண்டதை எழுதியிருக்கிறார். அதை வாசித்த நாளிலிருந்து குனியப் பயந்துபோன பலரை எனக்குத் தெரியும். அந்தக் கடதாசியை உறைக்குள் மடித்து, நகை மாதிரிப் பத்திரமாகக் கொண்டுவருவார்கள்.

எம்.ஆர்.ஐ. பற்றி எங்கள் ஊருக்குத் தேவையான ஒரு வார்த்தை. உடம்பில் செல்துண்டு (எறிகணைச் சிதறல்) இருக்கிறவர்கள், இருக்கலாம் என்று சந்தேகம் உள்ளவர்கள், அதைப் படம் எடுக்க முன்னமே கட்டாயம் சொல்லுங்கள். அந்தக் கருவியின் காந்தம் பலமானது. எத்தனையோ வருடத்துக்கு முந்திய காயம்தானே என்று சொல்லாமல் விடுகிறவர்கள் உண்டு.

வளைவு குறைந்திருக்கிறது என்ற வரிக்கு வருவோம். நாரியில் ஐந்து என்புகள், முன்பக்கம் புடைத்த ஒரு வளைவில் அமைந்திருக்கின்றன. அந்த வளைவு ஆளுக்கு ஆள் மிகவும் வித்தியாசப்படும். நோ உள்ளவர்களையும் இல்லாதவர்களையும் அளந்து ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் வந்த ஒரு பெரிய மீளாய்வு, நிற்கும்போது உள்ள வளைவிலும் இடுப்பென்பின் சரிவிலும் இரு தரப்புக்கும் வித்தியாசம் காணவில்லை. 2017இல் வந்த இன்னொரு தொகுப்பு, நோ உள்ளவர்களுக்கு வளைவு சராசரியில் குறைவு என்று கண்டது. ஆக, இந்த இடம் இன்னும் முடிவாகவில்லை. முடிவானது ஒன்று: ஒரு தனி ஆளின் படத்தில் உள்ள வளைவைப் பார்த்து இவருக்கு நோ இருக்கிறதா என்று யாராலும் சொல்ல முடியாது. அதோடு படுக்க வைத்து எடுத்த படமா, நிற்க வைத்து எடுத்ததா, முழங்கால் மடித்திருந்ததா, அந்த நேரம் தசை இறுகியிருந்ததா என்பவற்றைப் பொறுத்தும் வளைவு மாறித் தெரியும். நோவோடு போய்ப் படுத்தவரின் முதுகுத் தசை இறுகித்தான் இருக்கும்.

அசைவைப் பற்றிய ஆராய்ச்சி இதைவிட உறுதியான நிலத்தில் நிற்கிறது. நான் சொன்ன அதே 2014 மீளாய்வில், நோ உள்ளவர்கள் நாரியைக் குறைவாக மடக்கினார்கள், மெதுவாக அசைந்தார்கள், கண்ணை மூடிக்கொண்டு முதுகைப் பழைய நிலைக்குக் கொண்டுவரச் சொன்னால் அதிகம் பிழைவிட்டார்கள். நடையிலும் மாற்றம் உண்டு. நோ இல்லாதவர் சற்று வேகமாக நடக்கும்போது இடுப்பு ஒரு பக்கம் திரும்ப நெஞ்சு மறுபக்கம் திரும்பும். கை வீச்சு அதிலிருந்துதான் வருகிறது. நாட்பட்ட நோ உள்ள பலருக்கு நெஞ்சும் இடுப்பும் ஒன்றாகவே திரும்பும், நடையும் வேகம் குறையும். உங்கள் மனைவி கண்டது அநேகமாக இதைத்தான்.

என்னிடம் வருகிறவர்களை நான் பார்க்கத் தொடங்குவது வாசலில், அவர்கள் செருப்புக் கழற்றும் இடத்தில். வார் வைத்த செருப்புப் போட்டவர் குனிந்துதான் கழற்ற வேண்டும். ஒரு கை கதவு நிலையைப் பிடிக்கும். முழங்கால் மடியும், நாரி மடியாது. வார் கழரும்வரை மூச்சு நின்றிருக்கும். பல்லும் சேர்ந்து கடிபட்டிருக்கும். நிமிரும்போது கை தொடையில் ஊன்றி ஏறும். அவருக்கு இது எதுவும் தெரியாது. நான் கேட்டால், சாதாரணமாகத்தானே குனிந்தேன் என்பார். உள்ளே வந்த பிறகு, நாரியின் இரு புறமும் என் விரல்களை வைத்துக்கொண்டு மெல்லக் குனியச் சொல்வேன். நோ இல்லாதவரில் குனியத் தொடங்கும்போது முதுகின் நீள்தசைகள் விரலுக்குக் கீழ் இறுகி, உடலைத் தாங்கி இறக்கும். முழுதாகக் குனிந்த இடத்துக்குக் கிட்டப் போனதும் அவை ஓய்ந்து இளகிவிடும், பாரத்தை என்புகளை இணைக்கிற நார்கள் ஏற்கும். 1955இல் பிளொய்ட், சில்வர் என்ற இருவர் தசையின் மின் சைகைகளை அளந்து இதை விவரித்தார்கள். நாட்பட்ட நோ உள்ள பலருக்கு அந்த ஓய்வு வருவதில்லை. கை முழங்காலுக்குக் கீழே போயிருக்கும், தசை இன்னும் கல்லாகவே நிற்கும். நாள் முழுக்க இப்படி ஓயாமல் வேலை செய்கிற தசை பின்னேரத்தில் உளையாமல் என்ன செய்யும்?

இனி முக்கியமான இடம். அசைவு பிழைத்ததால் நோ வந்ததா, நோ வந்ததால் அசைவு மாறியதா? இதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. நோ இல்லாத ஆட்களின் முதுகுத் தசையில் செறிவான உப்புக் கரைசலை ஊசியால் ஏற்றினால் சிறிது நேரம் நல்ல நோ வரும், பிறகு தானாகப் போய்விடும். அப்படிச் செய்த ஆய்வுகளில், நோ வந்த உடனேயே நடையிலும் குனிதலிலும் தசை வேலை செய்கிற விதம் மாறியது. நாட்பட்ட நோயாளிகளில் காண்கிற அதே வகையான மாற்றங்கள். ஆகவே நோ அசைவை மாற்றும் என்பது நிச்சயம். எதிர்த் திசைக்கு ஆதாரம் பலவீனம். நோ இல்லாதவர்களை அளந்துவிட்டு, பிறகு யாருக்கு நோ வருகிறது என்று காத்திருந்து பார்த்த ஆய்வுகளில், பக்கவாட்டில் வளைவது குறைந்தவர்கள், தொடைப் பின்தசை இறுகியவர்கள், நாரி வளைவு குறைந்தவர்கள் ஆகியோருக்கு நோ வரும் வாய்ப்பு ஓரளவு கூடுதலாகத் தெரிந்தது. ஓரளவு மட்டுமே. கூனி இருந்தபடியால்தான் உங்களுக்கு நோ வந்தது என்று ஒருவரைப் பார்த்துச் சொல்ல அது போதாது. சிறு வயதில் நிமிர்ந்திருக்காததுதான் காரணம் என்று தங்களையே நொந்துகொள்கிறவர்கள் அந்தப் பாரத்தை இறக்கி வைக்கலாம்.

முதல் சில நாட்களுக்கு இந்த இறுக்கம் நியாயமானது. உடம்பு அடிபட்ட இடத்தைக் காக்கிறது. பிரச்சினை, காவல் தேவையில்லாத காலத்திலும் காவல் தொடர்வது. கள்ளன் வந்துபோன வீட்டுக்காரர் மாதக்கணக்கில் நித்திரை கொள்ளாமல் விளக்கை எரிய விட்டுக்கொண்டு இருப்பதற்குச் சமம். கடைசியில் அவரைக் களைக்கச் செய்வது களவு அல்ல, காவல். ஏன் சிலருக்குக் காவல் தானாக விலகுகிறது, சிலருக்கு விலகுவதில்லை? 2006இல் வெளியான சிறிய ஆய்வு ஒன்று இதைத் தொட்டது. நலமாக இருந்தவர்களுக்கு முதுகில் நோவை உண்டாக்கி, கை அசைக்கும்போது வயிற்று, முதுகுத் தசைகள் முன்கூட்டியே தயாராகிற விதத்தை அளந்தார்கள். நோ நிறுத்தப்பட்டதும் பெரும்பாலானோர் பழைய விதத்துக்குத் திரும்பினார்கள். ஒரு சிலர் திரும்பவில்லை. முதுகு இலகுவில் பழுதாகக்கூடியது என்ற நம்பிக்கை அவர்களிடம் கூடுதலாக இருந்தது. எண்ணிக்கை மிகக் குறைவு, அதை வைத்துச் சட்டம் எழுத முடியாது. ஆனால் வாசலில் நான் காண்பதோடு அது ஒத்துப்போகிறது. அறிக்கையை வாசித்துப் பயந்தவர், தகப்பனுக்கு இதே நோவில் சத்திரசிகிச்சை நடந்ததைக் கண்டவர், இனிக் குனிந்தால் கதை முடிந்தது என்று யாரோ சொல்லக் கேட்டவர் – இவர்களின் தசைதான் கடைசிவரை இளக மறுக்கும்.

வயிற்றின் ஆழ்தசையைப் பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள், கைத்தொலைபேசியில் பார்க்கிற பயிற்சிகள் எல்லாம் அதைத்தான் சொல்கின்றன. 1996இல் ஹொட்ஜஸ், ரிச்சட்சன் என்ற அவுஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள், நாரி நோ உள்ளவர்கள் கையைத் தூக்கும்போது வயிற்றின் குறுக்குத் தசை பிந்தி இயங்குவதைக் கண்டார்கள். கண்டது உண்மை. அதிலிருந்து வயிற்றை எந்நேரமும் உள்ளிழுத்து இறுக்கிக்கொண்டு இருக்கச் சொல்கிற வழக்கம் பிறந்தது. அதற்கு ஆதாரம் போதாது. அந்தத் தசைக்கென்று தனிப் பயிற்சி, மற்றப் பயிற்சிகளை விடக் குறிப்பிடத்தக்க அளவில் மேலானது என்று நிறுவப்படவில்லை. முள்ளந்தண்டை ஒட்டிய சிறு தசைகள் நோ உள்ள பலருக்கு மெலிந்து, கொழுப்புப் படிந்து காணப்படுவதும் உண்மை. அது நோவின் காரணமா விளைவா என்பதில் இன்னும் இரண்டு கட்சி. ஏற்கெனவே இறுக்கிப் பிடித்திருக்கிற ஒருவரிடம் இன்னும் இறுக்கு என்று சொல்வதை நான் விட்டுக் கனகாலம்.

நிமிர்ந்திருப்பது பற்றி. கதிரையில் சாய்ந்து குழைந்து இருந்தால் வட்டுக்குள் அமுக்கம் பலமடங்கு கூடும் என்பது 1960களில் சுவீடனில் செய்த அளவீடுகளிலிருந்து பரவிய கருத்து. 1999இல் ஒருவரின் வட்டுக்குள் அமுக்கமானியை வைத்து அன்றாட வேலைகளின்போது அளந்த ஜேர்மன் ஆய்வில், தளர்வாகச் சாய்ந்து இருப்பது நிற்பதை விட அதிக அமுக்கம் தரவில்லை. ஒரே ஆளில் செய்த அளவீடு என்பதால் அதையும் கவனமாகத்தான் எடுக்க வேண்டும். ஆனாலும், இதுதான் சரியான இருக்கை என்று ஒரு நிலையைக் காட்டி அதிலேயே இருக்கச் சொல்ல இன்று நியாயம் இல்லை. வங்கி முகப்பில் நீங்கள் எட்டு மணித்தியாலம் நிமிர்ந்தே இருந்தாலும் உளையும், கூனியே இருந்தாலும் உளையும். மாறி மாறி இருப்பதுதான் முதுகுக்குப் பிடித்தது. பாரம் தூக்குவதிலும் அப்படியே. நாரியை மடக்கித் தூக்கியதால்தான் நோ வருகிறது என்பதைக் காட்ட முயன்ற ஆய்வுகளை 2020இல் தொகுத்துப் பார்த்தபோது அப்படியொரு தொடர்பு கிடைக்கவில்லை. சேர்க்கப்பட்ட ஆய்வுகளின் தரம் குறைவு என்பதையும் அந்தத் தொகுப்பே சொல்கிறது. அத்தோடு அது பார்த்தது மிகப் பெரிய பாரங்களை அல்ல. நெல் மூட்டை தூக்கும் நாட்டாமைக்காரருக்கு நான் இதைக் கொண்டு போதிக்க மாட்டேன்.

பெல்ட்டைப் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் தெளிவாக எழுதியிருக்கிறது. நாட்பட்ட நாரி நோவுக்கு வழக்கமான சிகிச்சையாகப் பெல்ட், இழுவைச் சிகிச்சை, அல்ட்ராசவுண்ட், தோலின் மேல் கொடுக்கும் மின் தூண்டல், அபின் வகை வலிநிவாரணிகள் ஆகியவற்றைக் கொடுக்க வேண்டாம் என்பது அதன் பரிந்துரை. விளக்கம் கொடுத்தல், உடற்பயிற்சி, மனப் பயிற்சி வழிகள், சில கைச் சிகிச்சைகள் ஆகியவற்றை அது ஏற்கிறது. நீங்கள் நெடுநாள் பெல்ட் கட்டியவர் என்பதால் ஒரே நாளில் கழற்ற வேண்டாம். வீட்டில் இருக்கும் நேரம் முதலில், பிறகு வேலையில் காலை நேரம் என்று ஒவ்வொன்றாக விடுங்கள். பலகைக் கட்டிலும் தேவையில்லை. நாட்பட்ட நாரி நோவுக்கு மிகக் கடினமான மெத்தையை விட நடுத்தரமானது நல்லது என்று 2003இல் ஸ்பெயினில் செய்த ஆய்வு காட்டியது. எண்ணெய் பூசுவதையும் நொச்சி ஒத்தடத்தையும் நான் தடுப்பதில்லை. சூடு தசையை இளகச் செய்யும். அந்த இளக்கம் இருக்கும்போதே அசைந்துவிட வேண்டும், போர்த்திக்கொண்டு படுக்கக் கூடாது.

அசைவு எப்படித் திரும்புகிறது என்பதற்கு ஒருவரைச் சொல்கிறேன். ஆள் அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஓய்வு பெற்ற ஆசிரியை. திருவலையில் இருந்து தேங்காய் திருவுவதை விட்டு வருடக்கணக்கு. மருமகள்தான் திருவிக் கொடுப்பா. நிலத்தில் விழுந்த துவாயைக் கால் விரலால் எடுத்துத் தூக்குவா. அவவுக்கு இருந்த ஆசை, நல்லூர்த் திருவிழாவில் முன்போல விழுந்து கும்பிடுவது. "குனிஞ்சா திரும்பப் பிடிச்சிடுமோ எண்டு பயம் தம்பி" என்றா. கட்டிலில் மல்லாந்து படுத்து முழங்கால் இரண்டையும் நெஞ்சுக்கு இழுக்கச் சொன்னேன். இழுத்தா, நோ பெரிதாக இல்லை. "அம்மா, இப்ப உங்கட நாரி எவ்வளவு மடங்கியிருக்கு தெரியுமோ? குனியேக்கை மடங்கிற அதே அளவுதான்" என்றேன். கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தா. பிறகு கதிரையில் இருந்தபடி, கால்களை அகட்டி, மூச்சை விட்டுக்கொண்டே தலையையும் கையையும் முழங்கால்களுக்கு நடுவே தொங்கவிடப் பழகினா. தொங்கும்போது என் விரலுக்குக் கீழ் வலப்பக்கத் தசை முதலில் இளகியது. இடப்பக்கம் சில நாள் பிந்தியது. அதன் பிறகு நின்று குனிதல், பிறகு நிலத்தில் முழங்கால் ஊன்றுதல். திருவலைக்குத் திரும்பியபோது முதலில் பாதித் தேங்காய்தான். நோ முற்றாகப் போகவில்லை, மாரி காலத்தில் இன்னும் வரும் என்கிறா. ஆனால் இப்போது குனிவதற்கு முன் யோசிப்பதில்லை.

இந்த வழிக்குப் பின்னால் ஆய்வும் இருக்கிறது. அவுஸ்திரேலியாவில் 492 பேரை வைத்து நடத்தி 2023இல் வெளியிட்ட சோதனையில், நோயாளியின் பயத்தையும் அசைவையும் வாழ்க்கைமுறையையும் சேர்த்துக் கையாள்கிற இயன்மருத்துவம், வழமையான கவனிப்பை விடத் தெளிவாக மேலானதாக இருந்தது. பலன் ஒரு வருடத்தின் பின்னும் நின்றது. ஒரு பிரிவினருக்கு முதுகில் அசைவுமானி ஒட்டி, அசைவைத் துல்லியமாக அளந்தும் காட்டினார்கள். அதனால் மேலதிகப் பலன் கிடைக்கவில்லை. இது எனக்கு முக்கியமாகப்படுகிறது. பாகை கணக்கில் அசைவைத் திருத்துவதை விட, பயமில்லாமல் அசையவிடுவது பெரிதாக இருக்கலாம். ஆனால் இங்கே இன்னொரு முடிச்சும் உண்டு. நோ குறைந்தவர்களைக் கூட்டமாக எடுத்துப் பார்த்தால், நோக் குறைவும் அசைவு மாற்றமும் பெரும்பாலும் சேர்ந்து போகவில்லை. தனித்தனி ஆட்களாகப் பின்தொடர்ந்தால் பலரில் சேர்ந்து போகிறது. மாறியவர்கள் இறுக்கம் குறைந்த, சற்று வேகமான அசைவை நோக்கியே மாறியிருக்கிறார்கள். ஆகவே அசைவு திரும்பியதால்தான் நோ குறைகிறது என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். இரண்டும் பயம் குறைந்ததன் பலனாகவும் இருக்கலாம்.

உங்களுக்கு நான் சொல்வது இதுதான். காலையில் எழும்பியதும் ஒரு மணித்தியாலம் ஆழக் குனிய வேண்டாம். இரவில் வட்டு நீரை உறிஞ்சிப் பருத்திருக்கும், அந்த நேரம் குனிவதைக் குறைத்தவர்களுக்கு நோ குறைந்ததை 1998இல் ஒரு சோதனை காட்டியது. அதன் பிறகு, நாளில் மூன்று நான்கு முறை, கதிரையில் இருந்து கையைத் தொங்கவிட்டு மூச்சு விட்டபடி குனியுங்கள். கொஞ்சம் நோகும், அது பழுதாகிறது என்ற அர்த்தமில்லை. வேலையில் அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை இருக்கிற விதத்தை மாற்றுங்கள், சாய்வதும் அதில் ஒன்று. பின்னேரம் நடவுங்கள், கையை வீசி, முடிந்தளவு வேகமாக. நாரி நோவிலிருந்து மீண்டவர்களுக்கு நடைப் பயிற்சி கொடுத்து 2024இல் வெளியிட்ட ஆய்வில், நோ திரும்ப வரும் இடைவெளி நடுப்புள்ளிக் கணக்கில் 112 நாளிலிருந்து 208 நாளாக நீண்டது. உங்களுடையது தொடர்ந்து இருக்கிற நோ, அதே எண்ணை எதிர்பார்க்க முடியாது. ஆனாலும் பெரும்பாலானவர்களுக்கு நடை நாரிக்குக் கெடுதல் செய்யாது. தோட்டத்தில் ஒரே இருப்பில் முழுப் பாத்தியும் நடாமல், குந்தி இருந்து கொஞ்சம், குனிந்து கொஞ்சம், முழங்கால் ஊன்றிக் கொஞ்சம் என்று மாற்றுங்கள். அடுத்த நாள் உளைந்தால் அளவைப் பாதியாக்குங்கள், நிறுத்த வேண்டாம். நித்திரையைக் கவனியுங்கள், நித்திரை கெட்ட அடுத்த நாள் நோ கூடுவதை நீங்களே கண்டிருப்பீர்கள்.

ஒரு பக்கம் சரிவது பற்றி மட்டும் சற்று வேறாகச் சொல்ல வேண்டும். நரம்பு அழுத்தப்படும்போது உடம்பு ஒரு பக்கம் தெளிவாக ஒதுங்கி நிற்பது உண்டு. அது அநேகமாகக் கால் குத்தோடு வரும், நோ அடங்க அடங்க அதுவும் அடங்கும். உங்களுக்குக் கால் குத்து இல்லாததால் பழக்கமாகிவிட்ட சரிவாக இருக்கும் சாத்தியம் அதிகம். ஆனால் கால் நீள வித்தியாசம், சிறு வயதிலிருந்தே உள்ள பக்க வளைவு ஆகியவற்றை எழுத்தில் பிரித்தறிய முடியாது. சட்டையில்லாமல் பின்னாலிருந்து, நிற்கும்போதும் குனியும்போதும் ஒருவர் பார்க்க வேண்டும். ஆறு முதல் பன்னிரண்டு கிழமை நான் சொன்னபடி செய்தும் ஒரு மாற்றமும் இல்லையென்றால், அல்லது கால் குத்துப் புதிதாகத் தொடங்கினால், கிட்டடியில் உள்ள இயன்மருத்துவப் பிரிவுக்குப் போங்கள். போகும்போது படங்களோடு ஒரு தாளும் கொண்டு போங்கள்: இந்த இரண்டு வருடத்தில் நோவுக்காக என்னென்ன வேலையை விட்டீர்கள், எதைச் செய்யப் பயப்படுகிறீர்கள், எதைத் திரும்பச் செய்ய ஆசை என்று உங்கள் கையெழுத்தில். பரிசோதிக்கிறவருக்கு எம்.ஆர்.ஐ. அறிக்கையை விட அந்தத் தாள் கூடுதலாக உதவும்.